கடைசிப் பந்திக்கும் கறி இருக்க வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான சேகரத்து மக்களே, கமிட்டி அங்கத்தினர்களே, வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளே,

சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விழா நெருங்குகிற இந்த நேரத்தில் "ஒன்றுபட்டு ஊழியம் செய்வோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். எல்லாரும் ஆமென் சொல்வீர்கள். நாலாவது பந்தியில் குழம்பு வாளிக்குள் அகப்பையை விட்டால் துண்டே வரவில்லை என்கிறபோதுதான் அந்த ஆமென் எவ்வளவு தூரம் போயிற்று என்று தெரியும். அதனால் இன்றைக்கு அரிசி, கறி, வாளி பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

கொரிந்து சபையில் பவுல் கண்டித்ததும் சாப்பாட்டு விஷயந்தான். அவனவன் தன்தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டான்; ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடிவெறியாயிருந்தான். அதற்கு அவர் சொன்ன பரிகாரம் மிகச் சின்னது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." நம் அசனத்தில் கடைசியில் உட்காருகிறவர்கள் யார்? காலையிலிருந்து பரிமாறின பிள்ளைகள், பாத்திரம் கழுவின அக்காமார், அரைநாள் வேலையை முடித்துவிட்டு ஓடிவந்த கூலிக்காரர்கள். ஆகவே கணக்கை அவர்கள் இலையிலிருந்து போட வேண்டும்.

ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. 125 கிலோ வேண்டும். சாம்பாருக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 45 பேருக்கு வரும். ஆட்டுக்கறி எலும்போடு தலைக்கு 80 கிராம், மொத்தம் 80 கிலோ. உயிரோடு 20 கிலோ நிற்கிற ஆடு வெட்டினால் ஒன்பது, பத்து கிலோதான் தேறும். அதனால் காணிக்கை ஆடு எட்டு, ஒன்பது உறுதியாக வேண்டும். ஐந்து ஆட்டை வைத்துக்கொண்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று இருப்பதை விசுவாசம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சோற்றை ஒரே மூச்சில் வடித்துவிடக் கூடாது. 200 பேர் பந்தி ஒன்று உட்கார்ந்து, சாப்பிட்டு, இலை எடுத்து, இடம் துடைக்க 35 நிமிடம் ஆகும். ஐந்து பந்திக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். காலை ஒன்பது மணிக்கே எல்லா அண்டாவையும் வடித்துப் பாயில் மலைபோலக் குவித்தால், நடுக்குவியல் சூட்டிலேயே புழுங்கிக் குழைந்து, இரண்டரை மணிக்கு வாடை அடிக்கும். வாடை வராவிட்டாலும் ஆபத்து உண்டு: வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் பெருகுகிற ஒருவகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். 25 கிலோ அண்டாவாக ஐந்து தடவை வடியுங்கள். முதல் பந்திக்கு முன் இரண்டு. பிறகு ஒரு பந்தி உட்காரும்போது அடுத்த அண்டாவுக்கு அரிசி போட வேண்டும். பாயில் பரப்புவது ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம்.

இனி கறிக்கு வருவோம். சண்டை வருகிற இடம் இதுதான். துண்டு அடியில் தங்கும். முதல் பந்தியில் பரிமாறுகிறவர் ஆசையாகக் கிண்டி அள்ளுவார், தெரிந்தவர் இலையில் நாலு விழும். கடைசியில் மிஞ்சுவது வெறும் குழம்பு. இதற்கு யாருடைய மனசையும் திட்ட வேண்டியதில்லை, முறையை மாற்றினால் போதும். கிலோவுக்கு 35 துண்டாக வெட்டச் சொல்லுங்கள். வெந்ததும் துண்டுகளைத் தனியாக அரித்தெடுத்து ஐந்து பாத்திரத்தில் பங்கு வைத்து மூடி, பந்திக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும். வரிசையில் ஒருவர் இலைக்கு இரண்டு துண்டு வைப்பார், பின்னால் வருகிறவர் குழம்பு ஊற்றுவார். துண்டு கூடுதலாக வந்தால் பந்தி முடிவில் கேட்கிறவர்களுக்குப் போகட்டும். படுக்கையில் கிடக்கிறவர்கள், நடக்க முடியாத விதவைத் தாய்மார் வீட்டுத் தூக்குவாளிகள் முதல் பந்திக்கு முன்பே நிரம்பிப் போய்விட வேண்டும்.

இந்த விதவைகள் பேச்சு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்திலேயே வருகிறது. அன்றாட விசாரிப்பில் கிரேக்க பாஷைக்காரரின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு உண்டாயிற்று. பன்னிருவரும் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. அத்தனையும் கிரேக்கப் பெயர். குறை சொன்னவர்கள் பக்கத்து ஆட்களிடமே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள்! "எங்கள் தெருவுக்கு எப்போதும் கடைசியில்தான்" என்று போன வருஷம் யார் சொன்னார்களோ, அந்தத் தெருவிலிருந்து இந்த வருஷம் பந்தி விசாரிப்பாளரை எடுங்கள். ஜாதி வித்தியாசத்தைச் சபைக்குள் வைத்திருக்கக் கூடாது என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டது 1833-ல். இன்னும் சில இடங்களில் அடுப்படியில் யார், இலை எடுக்க யார் என்று பார்த்தாலே தெருப் பெயர் தெரிந்துவிடுகிறது. அதையும் பட்டியல் போடும்போதே கலைத்துவிட வேண்டும்.

பட்டியல் போடுவதற்கு நெகேமியா 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 52 நாளில் எழும்பின எருசலேம் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், இன்ன வாசல் இன்னார், அவர்கள் அருகே இன்னார் என்று பெயரும் எல்லையும் இருக்கிறது. தட்டான் கட்டினான், தைலக்காரன் கட்டினான், சல்லூமின் குமாரத்திகளும் கட்டினார்கள். பொதுவாக "உதவிக்கு வாருங்கள்" என்றால் முப்பது பேர் வந்து அடுப்பைச் சுற்றி நிற்பார்கள், தண்ணீர்க் குடத்துப் பக்கம் ஒருவரும் இருக்க மாட்டார். 25 இலை கொண்ட எதிரெதிர் வரிசை இரண்டும் சேர்ந்து ஒரு குழுவின் எல்லை. சோற்றுக்கு இரண்டு பேர், துண்டுக்கு ஒருவர், குழம்புக்கு ஒருவர், ரசத்துக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர். இவர்கள் வரிசையை விட்டு அசையக் கூடாது. வாளி காலியானால் பரிமாறுகிறவரே அடுப்படிக்கு ஓடுவதுதான் பந்தி தாமதமாக முதல் காரணம். அவர் அங்கே வரிசையில் நிற்பார், இங்கே இலையில் சோறு காய்ந்துகொண்டிருக்கும். நிறைந்த வாளி கொண்டுவர, காலி வாளி கொண்டுபோகக் குழுவுக்கு இரண்டு பையன்களை வையுங்கள். உப்புப் பார்க்கிறவர் ஒருவர் மட்டுமே. மூன்று பெரியவர்கள் ஆளுக்கொரு கை போட்டால் அந்தக் குழம்பை யாராலும் காப்பாற்ற முடியாது.

அதே அதிகாரத்தில் தெக்கோவா ஊராரும் வருகிறார்கள். ஊரார் கட்டினார்கள், அவர்களுடைய பிரபுக்களோ வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை. அந்த ஊரார் அதோடு நிற்காமல் இன்னொரு பங்கையும் கட்டினார்கள். பிரபுக்களைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. பந்தல் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கைகாட்டுகிறவர்களுக்கு அந்த வசனம் போதும்.

பணக் கணக்கு சுருக்கமாக. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கை விஷயத்தில் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரைப் பவுல் அனுப்பினார், யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்காதபடிக்கு. நம்மிடமும் எண்ணுகிறவர் இருவர், எழுதுகிறவர் ஒருவர். காணிக்கையாக வந்த ஆடும் அரிசி மூட்டையும் ரூபாயைப் போலவே அன்றைக்கே நோட்டில் ஏற வேண்டும். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். வாடகைக்கு எடுத்த அண்டா, வாளி, கரண்டியை எண்ணி வாங்கினவரே எண்ணித் திருப்பட்டும். ஆள் மாறினால் இரண்டு கரண்டி எப்படியும் குறையும்.

ஜெபம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். பரிமாறுகிற குழுவுக்கு ஆள் எளிதாகச் சேர்ந்துவிடும், சமையலுக்கும் வருவார்கள். பாத்திரம் கழுவுகிற பட்டியலுக்குத்தான் எப்போதும் ஆள் தட்டுப்பாடு. கமிட்டியார் அங்கே முதல் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிடுங்கள்.