குடை எடுத்தாச்சா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் குளிருக்கும் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று பேச வானொலி நிலையத்தில் அழைத்திருக்கிறார்கள். 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கணவரின் வேலை காரணமாக 2006-இலிருந்து 2018 கடைசி வரை நாங்கள் குமகாயா என்ற ஊரில் குடியிருந்தோம். டோக்கியோவிலிருந்து வடமேற்கே, சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஊர் திரும்பியதிலிருந்து, விசா கையில் கிடைத்த உறவுக்காரர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்க குளிருமா? ஸ்வெட்டர் வாங்கணுமா?"

நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மாசம்? எந்த ஊர்?"

ஜப்பான் சின்ன நாடு என்று நமக்கு ஓர் எண்ணம். ஆனால் தெற்கே ஓகினாவாவின் நாஹா நகரம் 26ஆவது அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடகோடியில் வாக்கனாய் 45ஆவது அட்சரேகையில். நடுவே 19 பாகை. கன்னியாகுமரியில் ரயில் ஏறி டெல்லியில் இறங்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வடக்கே போயிருப்போம். மார்ச் மாதத்தில் ஒரே நாளில் நாஹாவில் அரைக்கைச் சட்டையோடு நடப்பார்கள், வடக்கே சப்போரோவில் நடைபாதை ஓரமாகப் பனி குவிந்து கிடக்கும். ஆகையால் பொதுவாக 'ஜப்பானுக்கு' என்று பெட்டி கட்டினால் சரிவராது. மே மாதக் கியோத்தோவுக்கு, பிப்ரவரி சப்போரோவுக்கு என்று கட்ட வேண்டும். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். காலையில் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் "இத்தேகிமாஸ்" என்பார்கள். நம்முடைய 'போய் வருகிறேன்' இருக்கிறதே, அப்படியே அதுதான். வழியனுப்புகிறவர் "இத்தேராஷ்ஷாய்" என்பார், போய்ட்டு வாங்க என்று. அந்த அம்மா அதோடு நிறுத்த மாட்டார். "கஸா, மொத்தா?" என்பார். குடை எடுத்தாச்சா?

போன முதல் வருடம், ஜூன் மாதம். குடியிருப்புப் பதிவுக்கான காகிதங்களோடு நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வழக்கம்போலக் கேட்டார். "வானம் பளிச்சுனு இருக்கேம்மா" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில். அவர் வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "பன்னிரண்டு மணிக்கு மேல 60" என்றார். எனக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். இரண்டு மணிக்குப் பிடித்தது மழை. காகிதங்களைப் புடவைத் தலைப்புக்குள் வைத்து மூடிக்கொண்டு ஓடிவந்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் நனைந்துபோயிற்று. அவர் ஒரு துண்டோடு வாசலில் நின்றிருந்தார். தலையைத் துவட்டச் சொல்லிக் கொடுத்தார். காலையில் நான் சொன்னதைச் சொல்லிக் காட்டவில்லை. அடுத்த நாள் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அந்த 60 என்ன என்று விரலை வைத்துக் காட்டினார்.

அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் கைபேசியிலும் இன்று அதே எண்தான் வருகிறது, பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜப்பான் வானிலைத் துறை 1980-இல் டோக்கியோ பகுதியில் மழை வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்ல ஆரம்பித்தது. ஆறு ஆறு மணி நேரமாகப் பிரித்து, 10, 20, 30 என்று பத்துப் பத்தாகச் சொல்வார்கள். 30 என்றால் மழை லேசாகப் பெய்யும் என்று பொருள் இல்லை. 30 என்று 100 தடவை சொன்னால், அதில் ஏறக்குறைய 30 தடவை 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்யும் என்று பொருள். எவ்வளவு பெய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. 30 சதவீத நாளில் கொட்டித் தீர்க்கலாம், 90 சதவீத நாளில் தூறிவிட்டும் போகலாம். எங்கள் பக்கத்து வீட்டம்மாவுக்கு 30 தான் கணக்கு. 30 வந்துவிட்டால் மடக்குக் குடை பைக்குள் போய்விடும். 50-க்கு மேல் என்றால் நீளக் குடை. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு 12 வருடத்தில் நனைந்த நாட்கள் மிகக் குறைவு.

நீங்கள் இங்கிருந்து ஒரு சின்ன மடக்குக் குடை கொண்டுபோனால் போதும். பெரிய மழை என்றால் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் கொன்பினி என்ற சின்னப் பலசரக்குக் கடையில், சில நூறு யென்னுக்குக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடை கிடைக்கும். மழைநாளில் ஊரே அதைத்தான் பிடித்துக்கொண்டு போகும். அதனால் ஒரு சிரமமும் உண்டு. கடை வாசலில் குடை வைக்கும் தாங்கியில் ஒரே மாதிரி 40 குடை நிற்கும். திரும்பி வரும்போது யார் குடை யாருடையது என்று தெரியாது. கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலோ ரிப்பனோ கட்டிவிடுங்கள். இன்னொன்று, ரயிலில் ஏறுமுன் ஈரக் குடையைச் சுருட்டி அதன் பட்டியைப் போட்டுவிட வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர் மேல் சொட்டக் கூடாது. கடைக்குள் போகும்போது வாசலிலேயே குடைக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறை வைத்திருப்பார்கள், மாட்டிக்கொண்டு போங்கள்.

குடையைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் நாம் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று சொல்வோமே, அங்கேயும் 'கித்சுனே நோ யோமெயிரி' என்கிறார்கள். நரி மணப்பெண்ணாகப் புகுந்த வீடு போகிறதாம். அதை முதலில் கேட்டபோது எனக்குச் சொந்த ஊரில் இருப்பது போல ஆகிவிட்டது.

சரி, ஜூன் மாத மழைக்கு வருகிறேன். அதன் பெயர் ட்சுயு. எழுத்தில் 'உமே மழை' என்று எழுதுவார்கள். உமே என்பது புளிப்பான ஒரு பழம், அது பழுக்கும் பருவம். ஓகினாவாவில் மே மாதத்திலேயே தொடங்கிவிடும். டோக்கியோ பக்கம் ஜூன் முதல் வாரம் தொடங்கி ஜூலை மூன்றாம் வாரம் வரை. வடக்கே ஹொக்கைடோவுக்கு ட்சுயு அறிவிப்பே கிடையாது. ஜூனில்தான் விடுப்பு கிடைக்கும் என்கிறவர்கள் ஹொக்கைடோ போகலாம். பாருங்கள், மறுபடியும் எந்த மாதம், எந்த ஊர்.

அந்த அம்மா ஜூனில் உமே பழத்தை உப்பில் போட்டு வைப்பார். ஜூலையில் 'ட்சுயு முடிந்தது' என்று வானிலைத் துறை சொன்னதும், சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெயில் கிடைக்குமா என்று பார்ப்பார். கிடைத்தால் மூங்கில் தட்டில் பரப்பி மாடிப்படி ஓரம் காயவைப்பார். நம் வீடுகளில் வற்றலும் வடாமும் போடுகிறவர்கள் வானத்தைப் பார்க்கிற அதே கவலையை அவர் முகத்தில் பார்த்திருக்கிறேன். ட்சுயுவில் துணி காயாது, அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் இரண்டு நாள் ஆனாலும் காயாது. மெல்லிய துணிகளாக எடுங்கள். பையில் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும். கோயிலோ சில உணவகங்களோ, காலணியைக் கழற்றித்தான் ஏற வேண்டும். ஈரக் காலுறையோடு பாயில் கால் வைக்க யாருக்கும் மனம் வராது.

இப்போது வெயில். ஸ்வெட்டரோடு ஆகஸ்டில் வந்து இறங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் வாடிப்போய்விடும். நான் இருந்த குமகாயா, ஜப்பானிலேயே வெயிலுக்குப் பேர்போன ஊர். ஒருபக்கம் டோக்கியோ நகரத்தின் சூட்டை வாரிக்கொண்டு கடற்காற்று வரும், இன்னொருபக்கம் மேற்கு மலைகளிலிருந்து இறங்கும் காற்று, இறங்க இறங்கச் சூடாகும். 1933-இல் யாமகாத்தாவில் பதிவான 40.8 டிகிரிதான் 74 வருடம் நாட்டின் உச்சமாக இருந்தது. 2007 ஆகஸ்ட் 16 அன்று குமகாயாவிலும் தாஜிமியிலும் 40.9. பிறகு 2013-இல் அந்தப் பெயர் ஷிமாந்தோவுக்குப் போயிற்று, 41.0. 2018 ஜூலை 23 அன்று மறுபடி குமகாயா, 41.1. அன்று நான் அங்கேதான் இருந்தேன். ஊரிலிருக்கும் பல்பொருள் அங்காடி வாசலில் கோடைதோறும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வெப்பமானி வைப்பார்கள், அதன் முன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். 2025 ஆகஸ்டில் அதையும் தாண்டி, பக்கத்து மாநிலமான குன்மாவின் இசெசாகியில் 41.8 பதிவாகியிருக்கிறது.

வேலூர்க்காரர்கள் 'இதென்ன பெரிய வெயில்' என்பார்கள். அங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. சுற்றுலாவில் நாள் முழுக்க நடக்கவும் வேண்டும். அதனால்தான் 2021-இலிருந்து நாடு முழுக்க வெப்பத்தாக்கு எச்சரிக்கை விடுகிறார்கள். சூட்டோடு ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த எண் 33-ஐத் தொடும் என்றால் எச்சரிக்கை. அன்று கோயில், கோட்டையெல்லாம் காலை 10 மணிக்குள் பார்த்துவிட்டு, மதியம் அருங்காட்சியகம் மாதிரி உள்ளே இருக்கும் இடங்களுக்குப் போய்விடுங்கள். ஆண்களும் வெயிலுக்குக் குடை பிடிக்கலாம், அங்கே இப்போது நிறையப் பேர் பிடிக்கிறார்கள். தானியங்கி இயந்திரங்களில் முகிச்சா என்று வறுத்த பார்லி கஷாயம் குளிரக் கிடைக்கும், சர்க்கரை இருக்காது. அதோடு உப்பு மிட்டாய். ரயிலுக்குள் குளிர்சாதனம் வெடவெடக்கும், ஒரு மெல்லிய சால்வை வேண்டும். பல ரயில்களில் குளிர் குறைத்து வைத்த பெட்டி ஒன்று தனியாக உண்டு, வயதானவர்களை அதில் ஏற்றுங்கள்.

துண்டைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். அன்று அந்த அம்மா கொடுத்தது தெனுகுயி. மெல்லிய பருத்தித் துணி, சுமார் 35 சென்டிமீட்டர் அகலம், 90 நீளம். ஓரம் மடித்துத் தைக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். தைத்தால் அந்த மடிப்பில் ஈரம் தங்குமாம். நம் ஊர்த் துண்டுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் இருக்காது, எல்லாரும் கைத்துணி வைத்திருப்பார்கள். வெயிலில் நனைத்துக் கழுத்தில் போடலாம், வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குக் கொண்டுபோகலாம், மழையில் தலை துவட்டலாம். நம் ஈரிழைத் துண்டில் சின்னதாக இரண்டு எடுத்துப்போங்கள். நாலு பருவத்துக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பொருள் இது ஒன்றுதான்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையில் போகிறவர்களுக்கு ஏப்ரல், மே வாய்க்கும். நல்ல பருவம். ஆனால் செர்ரிப்பூ மலரும் சமயத்தில் திடீரென்று குளிர் திரும்பும். ஹனாபியே, பூக்குளிர் என்று அதற்குப் பெயரே உண்டு. முழுக்கைச் சட்டை, மேலே கழற்றிப் போடக்கூடிய மெல்லிய ஜாக்கெட் போதும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சுகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தம் பறக்கும், தும்மல்காரர்கள் முகக்கவசமும் மாத்திரையும் வைத்திருங்கள். மாத்திரையில் ஒரு கவனம்: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. நம் சளி மாத்திரைகளில் அது இருக்கக்கூடும், அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் புயல். அங்கே அதை எண் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். 2018 செப்டம்பரில் 21ஆம் எண் புயல் வந்தபோது ஒசாகா அருகே கடல் நடுவே இருக்கும் கான்சாய் விமான நிலைய ஓடுபாதையில் கடல்நீர் ஏறி, அதைக் கரையோடு இணைக்கும் பாலத்தில் ஒரு கப்பல் மோதி, ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். இப்போது ரயில்களை நிறுத்துவதை முந்தின நாளே அறிவித்துவிடுகிறார்கள். அந்த மாதங்களில் போனால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை வெளியூரில் வைக்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை மூன்று நாளைக்கு அதிகமாகவே எடுங்கள்.

குளிர்காலத்துக்குத்தான் நிறையக் குறித்து வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடம்தானாம். வேகமாகச் சொல்கிறேன். சைபீரியாவிலிருந்து வரும் காற்று வழியில் கடலில் ஈரத்தைக் குடித்து, மலையில் மோதி, மேற்குப் பக்கம் பனியாகக் கொட்டிவிடும். கிழக்கே டோக்கியோ பக்கம் வெறும் காய்ந்த காற்றுதான் வரும். எங்கள் ஊரில் புல்லட் ரயில் ஏறினால், நீளமான மலைச் சுரங்கத்தைத் தாண்டியதும் அந்தப் பக்கம் ஆளுயரப் பனி, இந்தப் பக்கம் நீல வானம். டோக்கியோவுக்கு உதட்டு மெழுகும் தேங்காயெண்ணெயும் கட்டாயம். கனமான ஒரே கோட்டு வேண்டாம், கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் சூடாக இருக்கும். மெல்லிய உள்ளாடை, நடுவில் ஒன்று, மேலே காற்றுத் தடுக்கும் ஒன்று. கைரோ என்று இரும்புத்தூள் அடைத்த சூட்டுப் பொட்டலம் எங்கும் கிடைக்கும், காற்றுப் பட்டதும் சூடாகும். சட்டைக்கு மேல்தான் ஒட்ட வேண்டும், தோலில் பட்டால் தெரியாமலே புண்ணாகிவிடும். சப்போரோவில் காலணிக்கு அடியில் மாட்டும் வழுக்காத பட்டை, விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். ஐஸ் மேல் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுக்க ஊன்றி நடங்கள். தெருமுனையில் பெட்டியில் மணல் பைகள் வைத்திருப்பார்கள், வழுக்கும் இடத்தில் தூவ யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.