கரையில் எடுக்கும் கணக்கு

அவையோர்க்கு வணக்கம்.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் என்றவுடன் நம் திருநெல்வேலிச் சீமையில் பலருக்கும் முத்துதான் நினைவுக்கு வரும். அதில் நியாயமும் உண்டு. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடிப் பார்களில், அதாவது முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளில், முத்துக்குளிப்பு நின்றுவிட்ட நிலையில், 1973-இல் வேப்பலோடையில் அந்நிறுவனத்தின் அறிஞர் அழகர்சுவாமி, சிப்பியின் உடலுக்குள் சிப்பி ஓட்டைக் கடைந்து செய்த மணியையும் வேறொரு சிப்பியின் சதைத்துணுக்கையும் சேர்த்துப் பொருத்தி, வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார்.

ஆயினும், 1947-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் பெரும்பணி முத்தன்று, கரையில் எடுக்கும் கணக்கே என்பேன். உவரியிலோ இடிந்தகரையிலோ வந்து சேரும் ஒவ்வொரு வள்ளத்தின் மீனையும் ஆண்டு முழுவதும் எடைபோட்டுப் பார்க்க எவராலும் இயலாது. ஆகவே மாதத்தில் சில நாள்களையும் சில கரைகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒருநாள் நண்பகல் முதல் மாலை வரையும் மறுநாள் காலை முதல் நண்பகல் வரையும் கணக்கெடுப்பவர் கரையில் நிற்கிறார். இடைப்பட்ட இரவில் வந்ததை விசாரித்து எழுதிக்கொள்கிறார். வந்த வள்ளங்கள் பதினைந்துக்குள் இருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். மிகுந்தால் ஒரு பகுதியை மட்டும் பார்த்து, அதைக்கொண்டு அக்கரையின் மொத்தத்தை மதிப்பிடுவார்கள். ஏலக்காரர் குரலுக்கும் வியாபாரிகளின் அவசரத்துக்கும் நடுவே, கூடையிலிருந்து சாளையை எடுத்து அளவுப்பலகையில் வைத்து நீளம் குறிப்பது எளிய வேலையன்று.

நீளம் எதற்கு? குளிர்நாட்டுக் கடல்மீனின் செவிக்கல்லில், அதாவது காதினுள் இருக்கும் சிறு சுண்ணக்கல்லில், மரத்தின் வளையம்போல ஆண்டு வளையம் தெளிவாக விழும். நம் கடல் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் இங்கு அவ்வளவு தெளிவு கிட்டுவதில்லை. எனவே ஆயிரக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதந்தோறும் வரிசைப்படுத்தி, ஒரு கூட்டம் எவ்வளவு வளர்ந்தது, எந்த அளவில் சினைப்பட்டது, அதற்கு முன்பே வலையில் விழுந்தது எவ்வளவு என்று ஆராய்கிறார்கள்.

நம் பாறைக்கரைகளில் பிடிபடும் சிங்கி இறாலுக்கு இத்தகைய ஆய்வு மிகவும் வேண்டியது. இங்கு மிகுதியாகக் கிடைக்கும் சிங்கிவகைக்கு 200 கிராம் என்னும் குறைந்தபட்ச எடையை 2003-இல் மத்திய அரசு விதித்தது. அவ்விதி ஏற்றுமதிக்கு மட்டுமே உரியது. கரை ஏலத்தில் குட்டிச் சிங்கி விலைபோவதை அது தடுப்பதில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு மாநில அரசுக்கும் ஊர்க் கமிட்டிகளுக்கும் உரியது. அதற்கு, நீளக்கணக்கு விளங்கும் தமிழில் அக்கமிட்டிக் கூட்டங்களில் வாசிக்கப்பட வேண்டும்.