அப்டேட் போட்ட பிறகு பிரிண்டர் எழும்பலையா? போர்ட் மாத்துறதுக்கு முன்ன இதைப் பாருங்க

(காட்சி: மேசை மேல ஒரு எப்சன் எல்3110. பவர் பட்டனை ஒரு விரல் அமுக்குது. லைட் எரியல.)

ஃபேர்ம்வெயார்னா பிரிண்டருக்குள்ளயே இருந்து அதை ஓட்டுற மென்பொருள். அதுக்கு அப்டேட் ஓடுச்சு. முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. அதுக்குப் பிறகு மெஷின் எழும்பல. "மெயின் போர்ட் போயிருச்சு"ன்னு சொல்றது லேசு. (மெயின் போர்ட்னா மெஷினை இயக்குற சர்க்கிட் பலகை.) ஆனா எழும்பாத பிரிண்டர்ல மூணு வகை இருக்கு. லைட்டே எரியாதது, லைட் சிமிட்டிக்கிட்டே நிக்கிறது, எழும்பியும் வேலை செய்ய மறுக்கிறது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. அதனால பட்டன்ல கை வைக்கிறதுக்கு முன்ன லைட்டப் பாருங்க, போன்ல வீடியோவும் எடுத்து வைங்க. ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனா முதல்ல கேக்கிறது அதுதான்.

அப்டேட் ஓடும்போதே நின்ன மாதிரி தெரிஞ்சா, அரை மணித்தியாலம் தொடாம விடுங்க. பாதியில ஓஃப் பண்றதுதான் நல்ல மெஷினையும் கெடுக்கும்.

(காட்சி: பிளக், வயர், பிரிண்டரின் பின்பக்கம்.)

முதல் வகை, லைட்டே இல்ல. இதுல ஃபேர்ம்வெயார் மேல சந்தேகப்படுறது கடைசி. அப்டேட் கெட்டுப்போன மெஷின் அநேகமா ஒரு லைட்டாவது காட்டும். ஒண்ணுமே இல்லைன்னா கரண்ட் வர்ற வழியைப் பாருங்க. எல்3110 மாதிரி எப்சன் டேங்க் மெஷினுக்கு எட்டு வடிவ வயர், ரேடியோவுக்குப் போடுறது. லேசர் மெஷினுக்கு அநேகமா டெஸ்க்டொப் கொம்பியூட்டர் வயர். வேற ஒண்ண மாத்திப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். சதுர முள் 13 அம்பியர் பிளக்குக்குள்ள ஃபியூஸ் ஒண்ணு இருக்கு, அதையும் பாருங்க. பழைய லயன் வீடுகள்லயும் கடைகள்லயும் வட்ட முள் பொயின்ட்ல அடப்டர் போட்டு ஓட்டுறது வழக்கம். அந்த அடப்டர் லூசா இருந்தா, மெஷின் எழும்பி மோட்டர் சுத்துற நேரத்துல கரண்ட் விட்டு விட்டு வரும். பார்க்கிறவங்களுக்கு அப்டேட்தான் குற்றவாளி மாதிரி தெரியும்.

அடுத்து, வயரைக் கழட்டிட்டு பவர் பட்டனை 30 செக்கன் அமுக்கிப் பிடிங்க. ஒரு நிமிஷம் விடுங்க. யூஎஸ்பி கேபிளையும் கழட்டிட்டு, மல்டி பிளக் வேண்டாம், நேரா சுவர்ல குத்துங்க. போர்ட்ல தேங்கி நிக்கிற சார்ஜ் இறங்கினதும் நல்லா எழும்புற மெஷின்கள் இருக்கு.

அப்டேட் போட்ட அன்னைக்குப் பின்னேரம் இடி இடிச்சுச்சா? மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர். மலைநாட்டுல இந்த மாசங்கள்ல பின்னேர இடி வழக்கம். மெயின்ஸ் கரண்டைக் குறைச்சு மெஷினுக்குக் குடுக்கிற பவர் பேக்கைக் கொல்றதுல அதுக்குப் பங்கு உண்டு. எல்3110ல பவர் பேக் வெளிய விடுறது 42 வோல்ட் டிசி. மல்டி மீட்டர்ல அது வரலைன்னா பவர் பேக் மாத்தினா போதும், மெயின் போர்டைத் தொடத் தேவையில்ல. ஒரு எச்சரிக்கை: 230 வோல்ட் மெயின்ஸ்ல ஓடுற பவர் பேக்குக்குள்ள பெரிய கண்டென்சர்ல ஏறக்குறைய 325 வோல்ட் நிக்கும், வயரைக் கழட்டினதும் உடனே இறங்காது. மீட்டர் பிடிச்சுப் பழக்கம் இல்லாதவங்க பெட்டியைத் திறக்க வேண்டாம்.

42 வோல்ட் வருது, ஆனா மெஷின் செத்துக் கிடக்குதுன்னா போர்ட்ல இருக்கிற சின்ன ஃபியூஸப் பாருங்க. அது சும்மா போகாது. மை தெளிக்கிற ஹெட்டுக்குப் போற கேபிள்ல மையோ தண்ணியோ பட்டு ஷோர்ட் ஆகியிருக்கும். ஷோர்ட்டைப் பார்க்காம ஃபியூஸ மட்டும் மாத்தினா, ஒன் பண்ணின உடனே அதுவும் போயிரும்.

(காட்சி: இரண்டு லைட்டுகள் ஒண்ணு மாத்தி ஒண்ணு சிமிட்டுது.)

ரெண்டாவது வகைதான் உண்மையான ஃபேர்ம்வெயார் பழுது. பிரிண்டர்ல ஃபிளாஷ்னு ஒரு சிப் இருக்கு. அப்டேட் அதுல இருக்கிற பழைய ஃபேர்ம்வெயாரை அழிச்சுட்டுத்தான் புதுசை எழுதும், வாத்தியார் கரும்பலகைய அழிச்சுட்டு அடுத்த பாடம் எழுதுற மாதிரி. எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா பழசும் இல்ல, புதுசும் இல்ல. ஆனா பூட்லோடர்னு ஒரு சின்னப் பகுதியை அநேகமா தொட மாட்டாங்க. ஒன் பண்ணினதும் அது மற்றதைச் சரி பார்க்கும். கணக்கு சரி வரலைன்னா மேல போகாம நின்னுரும்.

டவுன்லோட் ஆகும்போது சிக்னல் போனா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஃபைல் முழுசா வந்து சேர்ந்த பிறகுதான் எழுதத் தொடங்கும். ஆபத்து எழுதுற அந்த சில நிமிஷம் மட்டும்தான்.

எப்சன்ல லைட்டுகள் மாறி மாறி சிமிட்டினா, இல்ல ஸ்கிரீன்ல ரிக்கவரி மோட்னு காட்டினா, காப்பாத்தலாம். வைஃபைல முயற்சி பண்ண வேண்டாம், அந்த நிலையில நெட்வொர்க் வழியா எடுக்காது. யூஎஸ்பி கேபிள்ல கொம்பியூட்டர்ல நேரா குத்துங்க, நடுவுல ஹப் வேண்டாம். லப்டொப்னா சார்ஜர் போட்டு, ஸ்லீப்பை ஓஃப் பண்ணுங்க. கம்பெனி வெப்சைட்ல உங்க மொடலுக்கான ஃபேர்ம்வெயார் அப்டேட்டரை எடுத்து ஓட்டுங்க. எல்3110க்கும் எல்3150க்கும் உருவம் ஒண்ணு மாதிரிதான், ஃபைல் மாறக்கூடாது. முடிஞ்சதும் அதுவா ஓஃப் ஆகி எழும்பும் வரைக்கும் கேபிளைக் கழட்டாதீங்க.

பூட்லோடரும் போயிருந்தா சிப்பை வெளியில இருந்து எழுதணும். சிஎச்341ஏ புரோகிராமர் (சிப்பைப் படிச்சு எழுதுற சின்னக் கருவி), எட்டுக் கால் கிளிப், அதே மொடல்ல இருந்து எடுத்த ஃபைல், இது மூணும் வேணும். சிப் மேல 25க்யூ64னு இருந்தா 8 மெகாபைட், 25க்யூ128னா 16. எழுதுறதுக்கு முன்ன ரெண்டு தடவை ரீட் பண்ணி, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பார்த்து சேமிச்சு வைங்க. மெஷினோட சீரியல் இலக்கம் மாதிரி அதுக்கே உரிய விபரங்கள் அந்தச் சிப்ல இருக்கலாம். இன்னொண்ணு, மலிவான கறுப்புப் புரோகிராமர் சிலது 3.3 வோல்ட் சிப்புக்கு டேட்டா வழியில 5 வோல்ட் அனுப்பும். மீட்டர் வச்சுப் பார்த்துட்டுக் கிளிப்பை மாட்டுங்க.

(காட்சி: டோனர் ஒன்று வெளியே எடுக்கப்படுது. அதன் சிப் மேல வட்டம்.)

மூணாவது வகையில மெஷின் சாகல, மறுக்குது. கொமியூனிகேஷன் கடைகள்ல ரீஃபில் டோனரும் வேற கம்பெனி காட்ரிட்ஜும் சாதாரணம். எச்பி 2016ல இருந்து டைனமிக் செக்யூரிட்டின்னு ஒண்ணை அப்டேட்டோட அனுப்புது. வேற சிப் இருந்தா அச்சடிக்க விடாது. ஒரிஜினல் காட்ரிட்ஜ் ஒண்ணை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்க. ஓடினா பழுது போர்ட்ல இல்ல.

கம்பெனி அனுப்பினதே பிழையா இருந்ததும் உண்டு. 2023 மே மாசம் எச்பி ஒபிஸ்ஜெட் புரோ 9020 வரிசை மெஷின்கள் நீல ஸ்கிரீன்ல 83சி0000பின்னு காட்டி நின்னுச்சு. 2025 மார்ச்ல லேசர்ஜெட் எம்232 முதல் எம்237 வரைக்கும் சிலது எரர் 11 காட்டி, கம்பெனியோட சொந்த டோனரையே ஏத்துக்கல. இதுகளுக்கு வீட்டு வைத்தியம் தேட வேண்டாம். கோட் இலக்கத்தைக் குறிச்சுக்கிட்டு சேவை நிலையத்துக்குச் சொல்லுங்க.

மெஷின் எழும்பியும் கொம்பியூட்டர்ல இருந்து அச்சு வரலைன்னா, எல்3110ல யூஎஸ்பி கேபிளைக் கழட்டி, ஸ்டொப் பட்டனை அமுக்கிக்கிட்டே பவரை ஒன் பண்ணுங்க. நொசில் செக் தாள் (மை வர்ற துவாரங்களைச் சோதிக்கிற கோடுகள்) வந்தா மெஷின் நல்லா இருக்கு, பிழை கொம்பியூட்டர் பக்கம். டிரைவரை அழிச்சுத் திரும்பப் போடுங்க.

(காட்சி: யூபிஎஸ், லேசர் பிரிண்டர்.)

நல்லா ஓடுற மெஷினுக்கு அப்டேட் போடாம இருக்கிறதுதான் எங்க புத்தி. உயர்தரப் பரீட்சை நேரத்துல மொடல் பேப்பர் அடிக்கிற மெஷின்ல சும்மா கூட கை வைக்காதீங்க. எச்பின்னா பிரிண்டரோட ஐபி இலக்கத்தை பிரவுசர்ல அடிச்சு, டூல்ஸ், பிரிண்டர் அப்டேட்ஸ் பகுதியில ஒட்டோ அப்டேட்டை ஓஃப் பண்ணலாம். போட்டே ஆகணும்னா காலையில போடுங்க. எல்3110 எடுக்கிறது 15 வாட்டுக்கும் குறைவு, கரண்ட் போனா பட்டரியில ஓட்டுற 650 விஏ யூபிஎஸ் தாராளம். லேசரை அதே யூபிஎஸ்ல குத்தாதீங்க. ரீஸ்டார்ட் ஆகும்போது டோனரைத் தாள்ல உருக்கி ஒட்டுற ஃபியூசர் சூடேற நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும், யூபிஎஸ் தாங்குறது 400க்கும் குறைவு. ஓவர்லோட்ல ட்ரிப் ஆகும். சில லேசர்கள் புதுசை எழுதுறதே ரீஸ்டார்ட் ஆகும்போதுதான். அதனால லேசருக்கு நேரா சுவர் பொயின்ட், மழை இல்லாத நேரம்.