யாரும் நன்றி சொல்லாத வேலையில் 11 வருடம்

எல்லாருக்கும் வணக்கம். நைட் டூட்டி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மணி எட்டே கால். தூங்கி எழுந்து பேசினால் இதே சூட்டோடு வராது என்று தோன்றியது. அதனால் காபி டம்ளரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. உங்கள் கையில் ஊசி குத்தி எடுக்கிற ரத்தம் எங்களிடம்தான் வருகிறது. டாக்டரைத் தெரியும், சிஸ்டரைத் தெரியும், ரிப்போர்ட் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட வேலையில் மனசு சோர்ந்துபோகாமல் இருப்பது எப்படி என்று இன்றைக்குப் பேசலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம். டெங்கு சீசன். குடல் இறக்க ஆபரேஷனுக்காக ஒருவர் அட்மிட் ஆகியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சாயங்காலம் போட்ட ரத்த அணு எண்ணிக்கையில் (கவுன்ட்), ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் 18,000 என்று மெஷின் காட்டியிருக்கிறது. சாதாரணமாக 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்க வேண்டியது. வார்டில் பரபரப்பு, ஆபரேஷனைத் தள்ளிப்போடும் பேச்சு. அவருடைய பையன் ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தான்.

நான் எட்டு மணிக்கு டூட்டிக்கு வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தேன். எனக்கு உறுத்தியது. காய்ச்சல் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. அந்த மனுஷனுக்கு 18,000 எப்படி? மிச்சம் இருந்த ரத்தத்தில் ஒரு சொட்டை கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, அதாவது ஸ்மியர் போட்டு, லீஷ்மன் ஸ்டெயின் என்ற சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஆயில் வைத்துப் பார்த்தேன். ஸ்லைடின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. மாவில் தண்ணீர் தெளித்தால் கட்டி கட்டியாகத் திரளுமே, அந்த மாதிரி. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். வெகு சிலருக்கு அந்த மருந்து பட்டால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் குவியலைப் பிளேட்லெட்டாக எண்ணாது. உடம்பில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ட்யூபுக்குள்தான் கோளாறு.

நானே வார்டுக்குப் போய் நீல மூடி ட்யூபில், அதாவது சிட்ரேட் போட்டதில், மறுபடி எடுத்தேன். ஓடிவந்து உடனே மெஷினில் விட்டேன். சிட்ரேட் திரவம் கலந்து ரத்தம் கொஞ்சம் நீர்த்திருக்கும், அதற்காக வந்த எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 2 லட்சத்து 10 ஆயிரம். டூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். “ஓ, சரி” என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் குறித்த நேரத்தில் ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் அன்று அந்தக் குடும்பம் வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனது. அவர்களைச் சொல்லி என்ன? லேப் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த வருட ஆண்டு விழாவிலும் எல்லாப் பிரிவுக்கும் ஷீல்டு கொடுத்தார்கள், லேபை மறந்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அழுததைவிட அடுத்து நடந்ததுதான் எனக்குப் பயம். ஒருநாள் இதே மாதிரி குறைந்த கவுன்ட் ஒன்று வந்தது. “ஸ்மியர் போட்டுப் பார்க்கணுமா, மெஷின் சொன்னதை அனுப்பினால் என்ன” என்று ஒரு நொடி தோன்றியது. போட்டுத்தான் பார்த்தேன். ஆனால் அந்த ஒரு நொடி எனக்குள் வந்ததே! பாராட்டுக்கு ஏங்குவதில் தப்பே இல்லை. “பலனை எதிர்பார்க்காதே” என்று நம்மிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மனுஷருக்கு ஏக்கம் இருக்கத்தான் செய்யும். அந்த ஏக்கம் கைவேலைக்குள் இறங்கும்போதுதான் ஆபத்து.

ஒரு நிமிடம், பால் பாக்கெட் வந்திருக்கிறது. எடுத்து வைத்துவிட்டு வருகிறேன்.

சரி. தினமும் முதல் சாம்பிளைத் தொடுவதற்கு முன்னால் நாங்கள் கன்ட்ரோல் ஓட்டுவோம். எவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு குப்பி. வந்த எண்ணை லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் ஒரு புள்ளியாக வைப்போம். நடுக்கோட்டிலிருந்து இரண்டு எஸ்.டி.க்குள் (எஸ்.டி. என்றால் எண்கள் வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு) இருந்தால் வேலையைத் தொடங்கலாம். மூன்றைத் தாண்டினால் நிறுத்தி, காரணம் தேட வேண்டும். மாதா மாதம் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து வேறு சாம்பிள் வரும். அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நாம் போட்ட ரிசல்ட்டை மற்ற லேப்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

ஒரு காலையில் அந்தப் புள்ளியை வைக்கும்போதுதான் உறைத்தது. இந்த மெஷினை யாரும் புகழ்ந்ததால் நாம் நம்பவில்லை, தினமும் சோதித்துப் பார்ப்பதால் நம்புகிறோம். என்னைப் பற்றிய முடிவை மட்டும் ஏன் அடுத்தவர் வாயில் விட்டு வைத்திருக்கிறேன்?

அன்று சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். டூட்டி முடிந்ததும் ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு வரி. நோயாளி பெயர் எழுத மாட்டேன், அது கூடாது. “பொட்டாசியம் 6.8. சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருந்தது. மறுபடி எடுக்கச் சொன்னேன், 4.2.” இப்படித்தான் இருக்கும். ஹீமோலைஸ் என்றால் ரத்தச் சிவப்பணு உடைந்துபோவது, அப்போது பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். என் தப்பையும் எழுதுவேன். ஒரு தடவை லேபிளை இரண்டாம் முறை சரிபார்க்காமல் ட்யூபை ரேக்கில் வைத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் கண்டுபிடித்ததால் தப்பித்தேன். அதுவும் நோட்டில் இருக்கிறது. நல்லதை மட்டும் எழுதியிருந்தால் அந்த நோட்டை நானே நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. யாராவது “லேப் ரிசல்ட்டே சரியில்லை” என்று கத்தினால் முன்பு நெஞ்சு படபடக்கும். இப்போது “சாம்பிளை மறுபடி போட்டுப் பார்க்கிறேன் டாக்டர், பத்து நிமிடம்” என்று சொல்ல வாய் வருகிறது.

இந்தச் சமயத்தில்தான் சம்பு நாத் தே பற்றிப் படித்தேன். கொல்கத்தாவில் வேலை பார்த்த நோய்க்குறியியல் மருத்துவர். காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கலாம் என்று ராபர்ட் கோக் 1884லேயே சொல்லியிருந்தார், நிரூபிக்க முடியவில்லை. தே முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். அந்தத் துண்டு நீர் கோத்து வீங்கியது. 1953இல் அதை வெளியிட்டார். அப்புறம் கிருமியை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் வீங்கியது. நஞ்சு இருப்பது உறுதியானது. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பெரிய வசதி எதுவும் இல்லாத இடத்தில் செய்த வேலை.

நம் நாட்டில் அவரைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. 1973இல் ஓய்வு பெற்றார். 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. 1985இல் இறந்துவிட்டார். இதைச் சொல்லி “பொறுத்திருங்கள், உங்களுக்கும் ஒருநாள் வரும்” என்று ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு வர வேண்டியது வரவில்லை. அது அநியாயம். ஆனால் அந்தச் சோதனையை யார் திரும்பச் செய்தாலும் அதே நீர் கோக்கும். அந்த உறுதி அவர் கையில் இருந்தது. வேறு யாரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. போன வருடம் அப்ரைசல் அன்று நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். “நல்லா வேலை செய்கிறேன் சார்” என்று சொன்னால் காற்றில் போய்விடும். “இந்த ஆறு மாதத்தில் அவசரமாக டாக்டருக்குப் போன் செய்த ரிசல்ட் இவை, மறுபடி எடுக்கச் சொன்ன சாம்பிள் இவை” என்று தேதியோடு வாசித்தேன். இரண்டு விஷயம் கேட்டேன். ரிப்போர்ட்டில் சோதனை செய்தவர் பெயர் வர வேண்டும், காலை மீட்டிங்கில் லேபிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். முதலாவது நடந்தது. இரண்டாவதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. சம்பளம் ஒழுங்காக வரவில்லை, வார விடுமுறை இல்லை, மரியாதையில்லாமல் பேசுகிறார்கள் என்றால் நோட்டு எழுதிச் சமாளிக்காதீர்கள். வேறு இடம் பாருங்கள்.

எங்கள் லேபுக்கு ஒரு பொண்ணு பயிற்சிக்கு வந்திருக்கிறாள். நேற்று ராத்திரி பதினைந்து ஸ்லைடாவது வீணாக்கியிருப்பாள். ஒன்று தடிமனாக வரும், இன்னொன்று நடுவில் கிழியும். நாலு மணிவாக்கில் ஒன்று சரியாக விழுந்தது. நாக்கு மாதிரி, நுனியில் மெல்லிசாக. நான் அதை வெளிச்சத்தில் பிடித்து, “பாரும்மா, இது நீ இழுத்தது” என்றேன். அவள் அதை ஸ்டெயின் பண்ணாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இன்று ராத்திரி அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது தூங்கப் போகிறேன்.