ஒரு சோறு பதம் பார்க்கும் மனம்

(திரையில்: எட்டுக் கோடுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று நீளம்.)

இந்தக் கோடுகள் சீராக நீண்டுகொண்டே போகின்றன. இப்போது முதல் நான்கின் மேல் 'அ' என்றும், அடுத்த நான்கின் மேல் 'ஆ' என்றும் எழுதுகிறேன். வேறெதையும் தொடவில்லை.

1963-இல் உளவியலாளர்கள் ஹென்றி டாஜ்ஃபெலும் ஆலன் வில்க்ஸும் இப்படிப் பெயர் ஒட்டிய கோடுகளின் நீளத்தை மதிப்பிடச் சொன்னார்கள். நான்காவது கோட்டுக்கும் ஐந்தாவதற்கும் இடையிலிருந்த சின்ன வித்தியாசத்தைப் பார்த்தவர்கள் ஊதிப் பெரிதாக்கினார்கள். டாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். நாஜிகளின் படுகொலையில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். அவர் கோடுகளை அளந்தது பொழுது போகாமல் அல்ல. மனிதர்கள்மேல் ஒட்டும் இனம், குழு என்ற பெயர்களும் இதையேதான் செய்கின்றனவா என்பதே கேள்வி.

(திரையில்: 39 சீட்டுகள்.)

அடுத்தது 1976. உளவியலாளர்கள் டேவிட் ஹாமில்டனும் ராபர்ட் கிஃபோர்டும் இரண்டு கற்பனைக் குழுக்களை உருவாக்கினார்கள். பெரிய குழுவைப் பற்றி 26 வாக்கியங்கள்: 18 நற்செயல்கள், 8 கெட்ட செயல்கள். சிறிய குழுவைப் பற்றி 13: நல்லது 9, கெட்டது 4. வகுத்துப் பாருங்கள், விகிதம் ஒன்றேதான். ஆனாலும் படித்தவர்கள் சிறிய குழுவைத்தான் மட்டமாக மதிப்பிட்டார்கள். அது செய்யாத தவறுகளையும் அதன் கணக்கில் எழுதினார்கள். சிறிய குழு அபூர்வமாகக் கண்ணில் படுகிறது, கெட்ட செயலும் அப்படியே. இரண்டு அபூர்வங்கள் சேர்ந்து வந்தால் நினைவில் ஒட்டிக்கொள்கின்றன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இதில் யாருக்கும் யார்மீதும் வெறுப்பில்லை, குழுக்களே பொய். எனக்கு அச்சம் தருவது அதுதான்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்போம். ஒரே அரிசி, ஒரே உலை. சோற்றுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972-இலேயே மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டுக் காட்டினார். அப்படியிருக்க, எந்தப் பானை, எந்தச் சோறு?

சரி, பதம் பார்ப்பதையாவது நேர்மையாகச் செய்கிறோமா? ஓர் இனத்தில் ஒருவர் ஏமாற்றினால் பானை முழுவதும் கெட்டுவிட்டது என்கிறோம். இன்னொருவர் நல்லவராக இருந்தால், "நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை" என்று பாராட்டி அவரை மட்டும் வெளியே எடுத்து வைக்கிறோம். அவர் விதிவிலக்கு ஆகிவிடுகிறார், விதி பத்திரமாக இருக்கிறது. இப்படிப் பத்துப் பேரை வெளியே எடுத்து வைத்த பிறகும் பானையைப் பற்றிய முடிவை மாற்றிக்கொள்ளாதவர்கள் உண்டு.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதற்கு விலை உண்டு. பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலைக்குப் போலி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள் பொருளியலாளர்கள் மரியன் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும். ஒரு அழைப்பு வர, வெள்ளையர் பெயர் தாங்கியவை சுமார் 10 அனுப்ப வேண்டியிருந்தது. கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவை சுமார் 15. முடிவுகள் 2004-இல் வெளியாயின.

அப்படியென்றால், ஆளை நேரில் பார்த்து, அவர் செய்வதை வைத்து மதிப்பிட்டால் போதுமா?

(திரையில்: வகுப்பறை. ஒரு சிறுவன் பக்கத்து மாணவனின் பென்சிலைக் கேட்காமல் எடுக்கிறான்.)

1980-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறாம் வகுப்புச் சிறுவர்களிடம் இதுபோன்ற சின்னச் சின்னச் சம்பவங்களைப் படத்துடன் விவரித்துக் கருத்துக் கேட்டார்கள். பென்சிலை எடுப்பவன் கறுப்பினச் சிறுவனாக இருந்தபோது அதே செயல் அதிக முரட்டுத்தனமாகத் தெரிந்தது. வெள்ளையினச் சிறுவர்களுக்கு மட்டுமல்ல, கறுப்பினச் சிறுவர்களுக்கும். அவர்கள் பார்த்ததும் தனிமனிதனைத்தான், அவன் செய்ததைத்தான். ஆனால் அந்தச் செயலுக்குப் பொருள் சொன்னது, அந்தக் கோடுகளைப் போல, அவன்மேல் ஒட்டியிருந்த எழுத்து: அவன் இனம்.

(திரையில்: அதே படம், நிறமில்லாமல் வெறும் கோட்டோவியமாக.)

இன்னொரு முறை பாருங்கள். இவர்கள் தினமும் பென்சிலை மாற்றிக்கொள்ளும் நண்பர்களா? நேற்று அவன் இவனுடையதை எடுத்தானா? படத்தில் அந்தத் தகவல் இல்லை.