கோல்ஃப்ல ‘ஃபோர்’னு கேட்டா பவுண்டரியத் தேடாதீங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு கோல்ஃப் பாஷை. முதல்ல ஒரே ஒரு சொல்லு.

கோல்ஃப் மைதானத்துல யாராவது "ஃபோர்!"னு கத்தினா, கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்ம கண்ணு தானா பவுண்டரிப் பக்கம் போகும். போகக் கூடாது. ரெண்டு கையாலயும் தலைய மறைச்சுக்கிட்டுக் குனிஞ்சிடுங்க. இது நாலு இல்ல, ‘முன்னால’ங்கிற அர்த்தத்துல இருக்குற பழைய இங்கிலீஷ் சொல்லு. ஆளுங்க இருக்குற பக்கமா பந்து வருதுன்னு விடுற எச்சரிக்கை. இதோ, கேமராகிட்ட காட்டுறேன். இந்தப் பந்து 46 கிராம் கூட வராது. ஆனா டேபிள்ல தட்டுறேன், சத்தத்தக் கேளுங்க. கல்லுதான் இது. மத்த சொல்லெல்லாம் மெதுவாக் கத்துக்கலாம், இது தெரியாம உள்ள கால் வைக்காதீங்க.

அடுத்து ஸ்கோர். இதுல எல்லாமே ‘பார்’ங்கிற சொல்லத்தான் சுத்தி வரும். நல்லா ஆடுறவங்களுக்கு பந்த இந்தக் குழிக்குள்ள போட மட்டையால இத்தன அடி போதும்னு முன்கூட்டியே வெச்சிருக்குற எண்ணிக்கை அது. பெரும்பாலும் 3, 4 இல்லன்னா 5. நீங்க ஒரு குழிய 4 அடியில முடிச்சிட்டீங்கன்னு வைங்க. நல்ல ஆட்டமா? குழியச் சொல்லாம சொல்ல முடியாது. பார் 5ன்னா ஒண்ணு மிச்சம், அது ‘பேர்டி’. பார் 4ன்னா சும்மா பார். பார் 3ன்னா ஒண்ணு கூடிப் போச்சு, ‘போகி’. அடி குறைஞ்சா நல்லது, அதனாலதான் டிவியில மைனஸ், அதாவது பாரவிடக் குறைவா, போட்டவர் முதல் இடத்துல நிக்கிறார்.

பேர்டி அமெரிக்காவுல பிறந்த சொல்லு. அந்தக் காலத்துல அங்க அருமையான எதையும் ‘பேர்ட்’னு சொல்லுவாங்க. அட்லாண்டிக் சிட்டி கன்ட்ரி க்ளப்ல ஒருத்தர் அடிச்ச அடிய அப்படிப் பாராட்டப் போய், அதுவே நிலைச்சிடுச்சு. ஒரு பறவை வந்ததும் பெரிய பறவைங்க பின்னாடியே வந்துடுச்சு. ரெண்டு அடி மிச்சம்னா ‘ஈகிள்’, மூணுன்னா ‘ஆல்பட்ராஸ்’.

1935, அமெரிக்காவோட பெரிய கோல்ஃப் போட்டியான மாஸ்டர்ஸ். அமெரிக்க வீரர் ஜீன் சாரசன் முதல் இடத்துல இருக்குறவரவிட மூணு அடி பின்தங்கி இருக்கார். 15-வது குழி, பார் 5. சுமார் 235 கஜம் தள்ளி நின்னு ரெண்டாவது அடிய அடிக்கிறார். பந்து போய் குழிக்குள்ளயே விழுந்துடுச்சு! அஞ்சுக்கு ரெண்டே அடி, ஆல்பட்ராஸ்! மூணும் ஒரே அடியில சரியாச்சு, ஆட்டம் சமனாகி, மறுநாள் பிளேஆஃப்ல, அதாவது முடிவுக்காக வெச்ச கூடுதல் ஆட்டத்துல, கோப்பையும் அவருக்கே. இத அமெரிக்காவுல ‘டபுள் ஈகிள்’னு சொல்றாங்க. ஈகிளே ரெண்டு அடி மிச்சம், அதுல டபுள்னா நாலு மிச்சமாகணுமே? எனக்கு அந்தக் கணக்கு உதைக்குது. நான் ஆல்பட்ராஸ்னுதான் சொல்வேன்.

‘ஹூக்’கும் ஏமாத்துற சொல்லுதான். கிரிக்கெட்ல அது அழகான ஷாட். இங்க, வலது கைக்காரர் அடிச்ச பந்து இடது பக்கமா ரொம்ப வளைஞ்சு ஓடுறது. வலது பக்கமா வளைஞ்சா ‘ஸ்லைஸ்’. புதுசா ஆடுறவங்களுக்கு அதிகமா வர்றது ஸ்லைஸ்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. கிண்ணத்துல மணல் வெச்சிருக்கேன். பந்த மேல இருந்து போடுறேன்... பாருங்க, பாதி புதைஞ்சு, சுத்தி வட்டமா ஒரு பள்ளம். நடுவுல மஞ்சக்கரு, சுத்தி வெள்ளை, அச்சு அசல் ஆஃப்பாயில்! பங்கர்ல, அதாவது மைதானத்துல இருக்குற மணல் குழியில, பந்து இப்படிக் கிடந்தா அதுக்குப் பேரே ‘ஃப்ரைட் எக்’. பந்த நேரா அடிக்கக் கூடாது, பின்னாடி மணல்ல ஆழமா இறக்கணும். வெளிய வந்ததும் பந்து நிறைய உருளும், அதுக்கும் இடம் விட்டு அடிங்க.

கடைசியா ரெண்டு சலுகைச் சொல்லு. ‘மல்லிகன்’னா சொதப்பின அடிய மறந்துட்டு இன்னொண்ணு அடிக்கிறது. விதிப் புத்தகத்துல இதுக்கு இடமே இல்ல, நண்பர்களுக்குள்ள மட்டும்தான். ‘கிம்மி’னா குழிக்குப் பக்கத்துல வந்த பந்த ‘உள்ள போச்சுன்னே வெச்சுக்கோ’ன்னு எதிராளி விட்டுக்கொடுக்குறது. நேருக்கு நேர் மோதுற மேட்ச் பிளேயில விதியே இத ஒத்துக்குது. மொத்த அடிய எண்ணுற ஸ்ட்ரோக் பிளேயில கிடையாது, அங்க ஆறு அங்குல தூரமா இருந்தாலும் தட்டி உள்ள போட்டாகணும். அதனால முதல் பந்த டீங்கிற சின்னக் குச்சி மேல வைக்கிறதுக்கு முன்னாடியே கூட ஆடுறவங்ககிட்ட கேட்டுடுங்க: இன்னைக்கு எந்த ஆட்டம், மல்லிகன் உண்டா இல்லையா?