அல்பட்ராஸுக்குக் காவல்

நண்பர்களே, பறவைகளைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: மனிதன் ஒதுங்கிக்கொண்டால் போதும், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூசிலாந்தின் ஒட்டாகோ தீபகற்பத்தில் இது எடுபடாது.

டனீடன் நகரத்தை ஒட்டிக் கடலுக்குள் நீளும் அந்தத் தீபகற்பத்தின் நுனியில் தையரோவா முனை இருக்கிறது. ராயல் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை அங்கே கூடு கட்டுகிறது. இறக்கையை விரித்தால் 3 மீட்டர். வழக்கமாக ஆளரவமற்ற தீவுகளில் குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை, சாலை போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து முட்டையிடுவது பெரிய அதிசயம். அதுவும் 2 வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சுமார் 11 வாரம் அடைகாக்கும், அப்புறம் குஞ்சு பறக்க இன்னும் 8 மாதம் ஆகும், அத்தனை நாளும் அது தரையில்தான் உட்கார்ந்திருக்கும்.

தரையில் உட்கார்ந்திருப்பதுதான் வினை. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் முயலைக் கொண்டுவந்தார்கள், அது பெருகியதும் அதைத் தின்ன ஸ்டோட், ஃபெரெட் என்று கீரி மாதிரியான வேட்டை விலங்குகளை இறக்கினார்கள், அவை முயலோடு நிற்கவில்லை, பறவைக் கூடுகளுக்கும் வந்துவிட்டன. போதாதென்று மனிதர்களே முட்டையை எடுத்தார்கள். லான்ஸ் ரிச்டேல் என்ற ஆசிரியர் அங்கேயே கூடாரம் போட்டுக் காவல் இருந்த பிறகுதான், 1938இல், முதல் குஞ்சு பத்திரமாகப் பறந்து போனது.

அந்தக் காவல் இன்னும் ஓயவில்லை. பொறிவைத்து வேட்டை விலங்குகளைப் பிடிக்கிறார்கள். முட்டை பொரியும் நேரத்தில் ஈ மொய்த்துக் குஞ்சின் மேல் முட்டையிட்டுவிடும், புழு வைத்துவிடும். அதனால் உண்மையான முட்டையை இன்குபேட்டருக்கு, அதாவது சூடு கொடுத்துப் பொரிக்கவைக்கும் பெட்டிக்கு, எடுத்துக்கொண்டு, தாய்ப்பறவையின் அடியில் போலி முட்டையை வைத்துவிடுகிறார்கள். பாவம், அது அதையும் விசுவாசமாக அடைகாக்கிறது! வெயில் ஏறினால் கூடுகளைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறார்கள். எடை குறைந்த குஞ்சுக்கு மீன் ஊட்டுகிறார்கள். இதெல்லாம் இயற்கையா என்று கேட்பவர்களிடம், ஸ்டோட்டைக் கப்பலில் ஏற்றிவந்தது இயற்கையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பலன் இருக்கிறதா என்றால், 'பாட்டி' என்று பெயர் வாங்கிய பறவையைச் சொல்லலாம். ரிச்டேல் 1937இல் காலில் அடையாள வளையம் மாட்டியபோதே வளர்ந்த பறவை அது. 1989 வரை அங்கே வந்துபோனது. 60 வயதைத் தாண்டியிருக்கும் என்கிறார்கள்.

சரி, போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காற்று பலமாக அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்; காற்றில்லாத நாளில் இவ்வளவு கனமான பறவை எழும்புவது கஷ்டம், பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும். முட்டையிடும் பருவத்தில் பார்வைக் கூடத்தை மூடிவிடுவார்கள், முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். இருட்டும்வரை இருக்க முடிந்தால், கீழே பைலட்ஸ் கடற்கரையில் சின்ன நீலப் பென்குயின்கள் கூட்டமாகக் கரையேறும், அதையும் விடாதீர்கள்.